பிரிந்த சபையில் இறந்த என் தாய்க்கு மீட்பு உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்தின்போது கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்தவள். என் தாய் கடைசிவரை தம் சபையிலேயே இருந்து, மூன்று மாதங்களுக்கு முன் காலமானார். அவருடைய விவிலியம் இப்போது என்னிடம் இருக்கிறது. சங்கீதப் பகுதியில் தாள்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. பிள்ளைகளாகிய நாங்கள் ஒவ்வொருவரும் நோயில் கிடந்த நாள்களின் தேதியை, அன்று அவர் வாசித்த வசனத்தின் அருகே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அடக்கத்தன்று கணவர் வழி உறவினர் ஒருவர், "திருஅவைக்கு வெளியே மீட்பு இல்லை என்பதுதானே நம் போதனை, என்ன செய்வது" என்று என் காதுபடச் சொல்லி வருந்தினார். அன்று முதல் எனக்கு உறக்கமில்லை. என் தாய்க்கு மீட்பு உண்டா, இல்லையா? அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் உறவினர் வருத்தத்தோடுதான் பேசியிருக்கிறார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன விதத்தில் திருஅவை போதிக்கவில்லை. எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்து, அவர்கள் விண்ணகத்தில் இருக்கிறார்கள் என்று உறுதி கூறியிருக்கும் திருஅவை, இன்றுவரை ஒரே ஒரு மனிதரைக்கூடப் பெயர் சொல்லி "இவர் நரகத்தில் இருக்கிறார்" என்று அறிவித்ததில்லை. அந்தத் தீர்ப்பைக் கடவுள் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது திருஅவையின் நம்பிக்கை. உலக ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பொதுச்சங்கங்களும் திருத்தந்தையரும் சொல்லத் துணியாததை ஓர் அடக்க வீட்டின் திண்ணையில் நின்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி, திருஅவை எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். உங்கள் தாய் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் திருமுழுக்குப் பெற்றவர். அதை நீங்கள் ஞானஸ்நானம் என்று சொல்லி வளர்ந்திருப்பீர்கள்; சொல் வேறு, செயல் ஒன்று. சீர்திருத்த இயக்கத்துக்கு எதிராகக் கூட்டப்பட்டது என்று பலரும் நினைக்கும் அதே திரெந்து பொதுச்சங்கம், 1547ஆம் ஆண்டிலேயே, திருஅவை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு மூவொரு கடவுளின் பெயரால் கொடுக்கப்படும் திருமுழுக்கு, அதைக் கொடுப்பவர் தவறான கொள்கையுடையவராக இருந்தாலும், உண்மையான திருமுழுக்கே என்று வரையறுத்துச் சொன்னது. பகைமை மிகக் கடுமையாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட வாசகம் இது என்பதை நினைத்துப் பாருங்கள். திருமுழுக்கு உண்மையானது என்றால் அதன் பயனும் உண்மையானது: பாவம் கழுவப்படுகிறது, அந்த மனிதர் கிறிஸ்துவோடு இணைக்கப்படுகிறார். இப்படி இணைக்கப்பட்டவரை முழுமையாக "வெளியே" இருப்பவர் என்று சொல்லவே முடியாது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடு இதை விரித்துரைக்கிறது. பிரிவினை நிகழ்ந்தபோது இரு தரப்பிலும் குற்றம் இருந்தது என்று ஒப்புக்கொண்டு, இன்று அந்தச் சபைகளில் பிறந்து அங்கேயே கிறிஸ்துவில் நம்பிக்கை கொண்டு வளர்கிறவர்கள் மீது பிரிவினைப் பாவத்தைச் சுமத்த முடியாது என்றும், அவர்களைக் கத்தோலிக்கர் சகோதரராக மதித்து அன்பு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் காணக்கூடிய எல்லைக்கு வெளியேயும் இருக்கக்கூடிய கொடைகள் எவை என்று அதே பகுதியில் எடுத்துச் சொல்லும்போது, எழுதப்பட்ட இறைவார்த்தை, அருள் வாழ்வு, நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு, தூய ஆவியாரின் உள்ளார்ந்த கொடைகள் என்று குறிப்பிடுகிறது. உங்கள் கையில் இருக்கும் அந்த விவிலியத்தை எடுத்துப் பென்சில் குறிப்புகளை ஒருமுறை பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கடவுளின் வார்த்தையைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்தத் தாயிடம், இந்தப் பட்டியலில் எது இல்லாமற்போயிற்று?

ஆகவே, உங்கள் தாய் மீட்படைந்தார் என்று நான் உறுதியிட்டுச் சொல்ல முடியாது. என் சொந்தத் தாயைப் பற்றியும் அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நம்பிக்கையோடு அவரைக் கடவுளின் கையில் ஒப்படைக்கத் திருஅவை உங்களுக்குத் தடை விதிக்கவில்லை, மாறாகத் தூண்டுகிறது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். திருப்பலி பற்றிய கேள்விக்கு இறுதியில் வருகிறேன்.

கேள்வி: 1442ஆம் ஆண்டு புளோரன்சு பொதுச்சங்கம், தப்பறைக் கொள்கையினரும் (தவறான போதனையைப் பிடித்திருப்போரும்) பிரிவினையாளரும் திருஅவையோடு ஒன்றிக்காவிட்டால் அணையா நெருப்புக்குச் செல்வார்கள் என்று சொன்னது. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ அவர்களைச் சகோதரர் என்கிறது. திருஅவை தன் போதனையை மாற்றிக்கொண்டதா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டுகிறேன். – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் குறிப்பிடும் வாசகம் இருக்கிறது, அது கடுமையானது, கிறிஸ்துவின் பெயருக்காக இரத்தம் சிந்தினாலும் திருஅவையின் ஒற்றுமையில் நிலைத்திராதவருக்கு மீட்பில்லை என்றுகூட அது சொல்கிறது. இதை மறைத்துவிட்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இனிய வரிகளை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது. ஆனால் அந்த வாசகம் வந்த வழியையும் பார்த்தாக வேண்டும்.

"திருஅவைக்கு வெளியே மீட்பு இல்லை" என்னும் தொடரின் வேர் 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்ரியானிடம் இருக்கிறது. அவர் காலத்தில் திருஅவையை உடைத்துக்கொண்டு தனிக் குழுவாகப் போனவர்கள் இருந்தார்கள். பிரிந்தவர்கள் கொடுக்கும் திருமுழுக்குச் செல்லுமா என்னும் வழக்கில்தான் அவர் அந்தத் தொடரை எழுதினார். ஒற்றுமையைக் கிழித்துக்கொண்டு போகாதீர்கள் என்று உள்ளே இருப்பவரையும் வெளியேறத் துடிப்பவரையும் பார்த்து ஓர் ஆயர் எழுப்பிய எச்சரிக்கைக் குரல் அது. பல தலைமுறைகளுக்குப் பின், பிரிவினையைப் பற்றி ஏதுமறியாமல் வேறொரு சபையில் பிறந்த குழந்தையின் முடிவை அறிவிக்க எழுந்த தீர்ப்பு அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வழக்கில் சிப்ரியானின் கருத்து நிலைக்கவில்லை. பிரிந்தவர் கொடுத்த திருமுழுக்கு செல்லாது, மீண்டும் கொடுக்க வேண்டும் என்றார் அவர். கூடாது, அது செல்லும் என்றார் உரோமையில் இருந்த திருத்தந்தை முதலாம் ஸ்தேவான். திருஅவை ஸ்தேவானின் பக்கம் நின்றது. சிப்ரியானோ 258ஆம் ஆண்டில் மறைச்சாட்சியாக உயிர் நீத்தார். அவரை நாம் புனிதராகவே வணங்குகிறோம்.

அடுத்து புனித அகுஸ்தினார். வட ஆப்பிரிக்காவில் திருஅவையிலிருந்து பிரிந்து நின்ற தொனாத்தியப் பிரிவினரோடு நெடுங்காலம் வாதாடியவர் அவர். மென்மைக்குப் பெயர் போனவர் அல்லர். அவரே, வெளியே இருப்பதாகத் தோன்றும் பலர் உள்ளே இருக்கிறார்கள், உள்ளே இருப்பதாகத் தோன்றும் பலர் வெளியே இருக்கிறார்கள் என்று எழுதினார். தவறான கருத்தைத் தாமாகத் துணிந்து உருவாக்காமல், வழிதவறிய பெற்றோரிடமிருந்து பெற்றுக்கொண்டு, அதைப் பிடிவாதமின்றிக் கடைப்பிடித்து, உண்மையைக் கவனமாகத் தேடி, கண்டால் திருந்த அணியமாயிருப்பவரைத் தப்பறையாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு கடிதத்தில் சொன்னார். இன்றைய திருஅவைச் சட்டம் 751 தப்பறையை வரையறுக்கும்போது "பிடிவாதமாக" மறுப்பது என்னும் சொல்லைச் சேர்த்திருப்பதன் வேர் இந்தச் சிந்தனையில் இருக்கிறது. கொள்கையில் தவறு வேறு, உள்ளத்தில் பிடிவாதம் வேறு. முதலாவதை நாம் எடைபோடலாம். இரண்டாவதைக் காணக் கடவுளுக்கு மட்டுமே கண் உண்டு.

புளோரன்சு சங்கத்தின் காலத்துக்கு வாருங்கள். அன்றைய இறையியலாளர்களுக்குத் தெரிந்த உலகம் சிறியது. நற்செய்தி எல்லாத் திசைக்கும் எட்டிவிட்டது, எனவே கிறிஸ்துவின் திருஅவைக்கு வெளியே நிற்பவர் அறிந்தே அதை மறுத்தவர்தாம் என்பது பெரும்பாலோரின் எண்ணமாக இருந்தது. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1492இல், அட்லாண்டிக்குக்கு அப்பால் நற்செய்தியைக் கேட்டே இராத மக்கள் திரள் இருப்பது தெரியவந்தபோது, அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. கொள்கை அப்படியே இருக்க, அதை யார்மேல் பொருத்துவது என்னும் கேள்வி பெரிதாக எழுந்தது. கேட்டறியாதவனின் அறியாமை குற்றமாகுமா?

இந்தக் கேள்விக்குத் திருஅவை ஒரே நாளில் பதில் சொல்லிவிடவில்லை. 1713இல் திருத்தந்தை பதினோராம் கிளமெண்ட், "திருஅவைக்கு வெளியே எந்த அருளும் வழங்கப்படுவதில்லை" என்னும் கூற்றைத் தவறு என்று கண்டனம் செய்தார். இதைப் பலர் அறிவதில்லை. கடுமையான பக்கத்தில் நின்று வாதிடும் கத்தோலிக்கர்கள் அறிய வேண்டிய செய்தி இது. தாராளவாதத்துக்குக் கடும் எதிரியாக இருந்த திருத்தந்தை ஒன்பதாம் பயஸ், 1854இலும் 1863இலும், தம் குற்றமின்றி, வெல்ல முடியாத அறியாமையால் உண்மைச் சமயத்தை அறியாதிருந்து, இயற்கைச் சட்டத்தைக் கடைப்பிடித்து நேர்மையாக வாழ்கிறவர்கள் இறையருளின் ஆற்றலால் நிலைவாழ்வை அடைய முடியும் என்றார். அந்த அறியாமையின் எல்லைக் கோட்டை மக்களினம், நாடு, அறிவுத்திறன் ஆகிய எத்தனையோ வேறுபாடுகளுக்கு இடையில் யாரால் வரைய முடியும் என்றும் கேட்டார். திருஅவைக்கு வெளியே மீட்பில்லை என்று அவரே அதே மூச்சில் மறுபடியும் சொன்னார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கத்தோலிக்க நிலை. ஒன்றை விட்டால் மற்றொன்றும் கோணிப்போகும்.

1949இல் இது சோதனைக்கு வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் லியோனார்டு ஃபீனி என்னும் குருவானவர், கத்தோலிக்க உறுப்பினராகப் பதிவாகாத எவருக்கும் மீட்பில்லை என்று போதித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 8 அன்று உரோமையின் கோட்பாட்டுப் பேராயம் (போதனையைக் காக்கும் வத்திக்கான் அலுவலகம்) பாஸ்டன் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பழைய தொடர் மாறாத உண்மைதான், ஆனால் அதைத் திருஅவை புரிந்துகொள்ளும் பொருளிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னது. மீட்படைய எப்போதும் உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டியது கட்டாயமில்லை. விருப்பத்தாலாவது இணைந்திருக்க வேண்டும். கடவுளின் விருப்பத்தோடு தன் விருப்பத்தைப் பொருத்திக்கொள்ளும் நல்ல உள்ளத்தில் அந்த ஆசை உள்ளுறையாகவும் அடங்கியிருக்கலாம். ஆனால் அது நிறைவான அன்பாலும், நம்பிக்கையாலும் உயிர் பெற்றிருக்க வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு 13 ஆண்டுகள் முந்தியது இது. எனவே எல்லாம் அந்தச் சங்கத்தில் திடீரென்று தளர்த்தப்பட்டது என்பாரின் பேச்சு வரலாற்றுக்குப் பொருந்தாது.

இரத்தம் சிந்தினாலும் பயனில்லை என்ற அந்த வரிக்குத் திரும்புகிறேன். 1964 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் உகாண்டா நாட்டின் 22 கத்தோலிக்க மறைச்சாட்சிகளைப் புனிதராக அறிவித்தார். அவர்களோடு அதே அரசனின் கொடுமையில் ஆங்கிலிக்கன் இளைஞர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த மறையுரையில், கிறிஸ்துவின் பெயருக்காக உயிர் கொடுத்த ஆங்கிலிக்கர்களையும் மறந்துவிடலாகாது என்று திருத்தந்தை நினைவுகூர்ந்தார். புளோரன்சு சங்கம் பேசியது ஒற்றுமையை அறிந்தே உதறிவிட்டு அன்பை இழந்தவரைப் பற்றி. தீயில் நின்று இயேசுவை அழைத்த அந்த இளைஞர்கள் எந்த ஒற்றுமையையும் உதறியவர்கள் அல்லர். போதனை மாறியதா என்று கேட்டீர்கள். மீட்பு முழுவதும் கிறிஸ்துவிடமிருந்து, அவருடைய உடலாகிய திருஅவை வழியாகவே வருகிறது என்பது மாறவில்லை. யார் வெளியே நிற்கிறார் என்பதைப் பற்றிய நம் அறிவு வளர்ந்திருக்கிறது. அது வளர்வதற்கு இவ்வளவு காலம் ஆனதில் எனக்கு வருத்தமும் உண்டு.

கேள்வி: நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன், கத்தோலிக்க மனைவியின் வழியாக இந்த இதழை வாசிக்கிறேன். எங்களுடையது "திருச்சபை" என்று சொல்லத் தக்கதே அல்ல என்று 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் அறிவித்தது. சகோதரர் என்று ஒரு கையால் அணைத்து, சபையே இல்லை என்று மறு கையால் தள்ளுவது என்ன நியாயம்? – ஒரு சகோதரர்

பதில்: அன்புச் சகோதரரே, அந்த ஆவணம் உங்களைப் போன்ற பலரையும் புண்படுத்தியது என்பதை நான் அறிவேன். அதன் நடை இன்னும் கனிவாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அது பேசும் கேள்வி உங்கள் மீட்பு பற்றியது அன்று. திருத்தூதர் வழிமரபில் வரும் ஆயர் பணியும், அதனால் நிலைபெறும் நற்கருணை மறைபொருளின் முழுமையும் இருக்கும் இடத்தையே முறையான பொருளில் "திருஅவை" என்று அழைப்பது கத்தோலிக்க வழக்கம். அவை இல்லாத இடத்தைத் "திருஅவைச் சமூகம்" என்கிறோம். உரோமையிலிருந்து பிரிந்த கீழைத் திருஅவைகளை அதே ஆவணம் உண்மையான திருஅவைகள் என்றே சொல்கிறது. இது ஒரு சமூகத்தின் அமைப்பைப் பற்றிய பேச்சு. அந்த ஆவணத்தின் அதே 17ஆம் பத்தியிலேயே, அந்தச் சமூகங்களில் திருமுழுக்குப் பெற்றவர்கள் அதனால் கிறிஸ்துவின் உடலில் இணைக்கப்படுகிறார்கள், எனவே நிறைவற்றதாயினும் ஒரு வகையில் கத்தோலிக்கத் திருஅவையோடு ஒன்றிப்பில் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியைப் பலர் கவனிக்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், கிறிஸ்துவின் ஆவியார் பிரிந்த சபைகளையே மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்தத் தயங்கவில்லை என்று 1964ஆம் ஆண்டின் ஏடு சொல்கிறது. அந்தக் கருவிகளின் ஆற்றல் கத்தோலிக்கத் திருஅவையிடம் ஒப்படைக்கப்பட்ட அருள், உண்மை ஆகியவற்றின் முழுமையிலிருந்தே வருகிறது என்றும் சேர்த்துச் சொல்கிறது; இதை நீங்கள் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் உங்கள் சபையையும் மீறி மீட்படையலாம் என்று கத்தோலிக்கம் சொல்வதாக எண்ண வேண்டாம். அங்கே நீங்கள் கேட்கும் இறைவார்த்தையின் வழியாகவே, பெற்ற ஞானஸ்நானத்தின் வழியாகவே கிறிஸ்து உங்களில் செயலாற்றுகிறார் என்கிறது.

பிரிவினைக்கு நடுநாயகமாக நின்ற கேள்வி, மனிதர் கடவுள்முன் எப்படி நீதிமானாக்கப்படுகிறார் என்பது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருஅவையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையில், நம் தகுதியால் அன்று, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்கிறார் என்றும், நம்மைப் புதுப்பிக்கும் தூய ஆவியாரைப் பெற்று நற்செயல்களுக்கு அழைக்கப்படுகிறோம் என்றும் இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. மெதடிஸ்டுகள் 2006இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதோடு இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் செயல்களால் மீட்பை விலைக்கு வாங்கப் பார்க்கிறோம் என்று நீங்கள் எங்களையும், செயல்களே வேண்டாம் என்கிறீர்கள் என்று நாங்கள் உங்களையும் குற்றம் சாட்டிய காலத்துக்குத் திரும்பிப் போக இனி வழியில்லை.

என் குருத்துவத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவமனையில் என் பங்கு மக்களில் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அடுத்த கட்டிலில் இருந்த முதியவர் கையசைத்து அழைத்தார். தாம் கத்தோலிக்கர் அல்லர், தம் போதகர் வெளியூரில் இருக்கிறார், ஒரு சங்கீதம் வாசிக்க முடியுமா என்று கேட்டார். நான் 23ஆம் திருப்பாடலை எங்கள் மொழிபெயர்ப்பில் தொடங்கினேன்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." அவர் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு அரை அடி பின்னால், தாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த சொற்களில் சொல்லிக்கொண்டே வந்தார்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." சாவின் இருள் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது, அவர் குரல் நிற்கவில்லை. மீதியை அவர் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இறையியலில் நான் படித்தறிந்திருந்த "நிறைவற்ற ஒன்றிப்பு" என்னும் தொடர் எதைக் குறிக்கிறது என்பதை அந்தக் கட்டிலருகில்தான் உணர்ந்தேன். அதன் ஒன்றிப்பையும் உணர்ந்தேன், நிறைவின்மையையும் உணர்ந்தேன், ஏனெனில் என் பையில் இருந்த நற்கருணையை அன்று அவருக்கு நான் கொடுக்கவில்லை. சாவு ஆபத்தில் இருக்கும் பிற சபைக் கிறிஸ்தவர், தம் போதகரை அணுக முடியாத நிலையில், தாமாகக் கேட்டு, அந்த அருளடையாளத்தைப் பற்றிய கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படுத்தினால், அதைக் கொடுக்கத் திருஅவைச் சட்டம் 844 இடமளிக்கிறது. அவர் கேட்டது சங்கீதத்தை மட்டுமே.

கேள்வி: பிற சபையில் இருந்தும் மீட்படையலாம் என்றால், கத்தோலிக்கராக இருப்பதால் என்ன கூடுதல்? என் மகன் இதைக் கேட்டுவிட்டு வேறு சபைக்குப் போகப் போவதாகச் சொல்கிறான். – ஒரு தந்தை

பதில்: உங்கள் மகனுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். முதலாவது, பிறப்பால் அங்கே இருப்பதும் இங்கிருந்து எழுந்து போவதும் ஒன்றல்ல. கத்தோலிக்கத் திருஅவை கிறிஸ்துவின் வழியாகக் கடவுளால் மீட்புக்குத் தேவையானதாக நிறுவப்பட்டது என்று அறிந்திருந்தும், அதில் நுழையவோ நிலைத்திருக்கவோ மறுப்பவர் மீட்படைய இயலாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே திருஅவை பற்றிய கொள்கை விளக்கத்தின் 14ஆம் எண்ணில் சொல்கிறது. இதில் எல்லாம் "அறிந்திருந்தும்" என்னும் ஒரு சொல்லில் நிற்கிறது. அவர் எதை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியாது. வெளியேறுகிறவர்களில் பலர் தாங்கள் விட்டுச் செல்வது என்ன என்று யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்காததால் போகிறார்கள். சிலர் எங்களைப் போன்ற குருக்களின் கடுஞ்சொல் பட்டுப் போகிறார்கள். அவரைப் பயமுறுத்தாதீர்கள், உட்கார வைத்துப் பேசுங்கள்.

இரண்டாவது, "மீட்படைய முடியுமா" என்பதும் "மீட்புக்கான வழிகள் முழுமையாக இருக்கின்றனவா" என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். திருமுழுக்குக்குப் பின் ஒருவர் சாவான பாவம் (கடவுளின் அருளை இழக்கச் செய்யும் பெரும் பாவம்) செய்துவிட்டார். அவர் சீர்திருத்த சபையினர் என்றால், தண்டனைக்கு அஞ்சி வருந்துவது போதாது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிக்கும் அன்பிலிருந்து எழும் வருத்தம், நம் பழைய செபப் புத்தகங்கள் உத்தம மனஸ்தாபம் என்று சொல்வது, அவருக்கு வேண்டும். அது இருந்தால் கடவுள் மன்னிக்கிறார். கத்தோலிக்கருக்கோ ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது. அன்பு இன்னும் முதிராமல், பாவத்தின் அருவருப்பாலும் தண்டனையின் அச்சத்தாலும் எழும் குறையான மனத்துயரோடு வந்தாலும், அந்த அருளடையாளத்தில் மன்னிப்புப் பெறுகிறார். இதைத் திரெந்து சங்கம் 1551இல் விளக்கிச் சொன்னது. "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்னும் குரலைத் தம் காதால் கேட்டு எழுகிறார். பலவீனருக்கு நீட்டப்பட்ட இந்தக் கையை உங்கள் மகன் ஏன் விட்டுச் செல்ல வேண்டும்? நற்கருணை, நோயில்பூசுதல், புனிதர்களின் உறவு என்று ஒவ்வொன்றிலும் இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம்.

இதைக் கேட்டு நமக்குப் பெருமிதம் தலைக்கேறினால், அதே 14ஆம் எண்ணின் மறுபாதியையும் வாசிக்க வேண்டும். திருஅவைக்குள் உடலால் இருந்தும் உள்ளத்தால் இல்லாதவர், அன்பில் நிலைத்திராதவர், மீட்படைவதில்லை. பெற்றதற்கேற்ப எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் வாழாவிட்டால் கத்தோலிக்கருக்குக் கிடைப்பது மேலும் கடுமையான தீர்ப்பு. சீர்திருத்த சபையினரின் மீட்பைப் பற்றி என்னிடம் கேட்ட கத்தோலிக்கர்கள் பலர். தங்கள் மீட்பைப் பற்றி இந்த வரிகளை வைத்துக் கேட்டவர் மிகச் சிலர்.

கேள்வி: வேறு சபையிலிருந்து கத்தோலிக்கராகிறவருக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடுப்பது ஏன்?

பதில்: கொடுக்கக் கூடாது. முன்பு பெற்ற திருமுழுக்கின் செல்லுபடி பற்றித் தகுந்த ஐயம் இருந்தாலன்றி மீண்டும் கொடுக்கலாகாது என்பது திருஅவைச் சட்டம் 869. நம்பிக்கை அறிக்கையிட்டு அவர் முழு ஒன்றிப்பில் ஏற்கப்படுகிறார். ஆனால் மூவொரு கடவுள் நம்பிக்கை இல்லாத யெகோவா சாட்சிகளின் திருமுழுக்கைத் திருஅவை ஏற்பதில்லை; மார்மன் சபையின் திருமுழுக்கும் செல்லாது என்று 2001இல் உரோமை பதிலளித்தது.

முதல் கடிதத்தின் இரண்டாம் கேள்விக்கு: சகோதரி, உங்கள் தாய்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். அறிவிப்பின்றித் தனிப்பட்ட கருத்தாக ஒப்புக்கொடுக்க என்றுமே தடையில்லை. 1976ஆம் ஆண்டில் உரோமையின் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ஆணை, குடும்பத்தாரோ நண்பரோ உண்மையான சமய உணர்வோடு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டால், மக்களுக்கு இடறலாக இராது என்று ஆயர் கருதும் நிலையில், இறந்த பிற சபைக் கிறிஸ்தவருக்காகப் பொதுத் திருப்பலியும் ஒப்புக்கொடுக்க வழிசெய்தது. ஒரே ஒரு வரம்பு உண்டு: திருப்பலியின் மையமான நற்கருணை மன்றாட்டின் நடுவே அவர் பெயர் சொல்லப்படாது. அந்த இடம் முழு ஒன்றிப்பில் இருந்தவர்களுக்கு உரியது. இது உங்களுக்குச் சற்று வலிக்கலாம், வலியை மறுக்கவில்லை. விசுவாசிகள் மன்றாட்டில் அவருக்காக வேண்டிக்கொள்ளலாம்.

உங்கள் உடன்பிறந்தார் சீர்திருத்த சபையினராகவே இருப்பார்கள் என்று எண்ணுகிறேன். இறந்தவருக்காக மன்றாடுவது அவர்கள் சபையில் வழக்கமில்லை. அம்மாவின் நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிடுவதாக அவர்கள் நினைக்கக்கூடும். எனவே முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். இறந்தவர்கள் கடவுளைக் காண்பதற்கு முன் தூய்மையாக்கப்படுகிறார்கள் என்றும், நம் மன்றாட்டு அவர்களுக்கு உதவுகிறது என்றும் நாங்கள் நம்புகிறோம், என் கணவர் வீட்டாருக்குச் செய்வதையே அம்மாவுக்கும் செய்கிறேன் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். விருப்பமிருந்தால் அவர்களும் வந்து அமரட்டும். பிறகு உங்கள் பங்குத்தந்தையிடம் போய், திருப்பலிக் கருத்துப் பதிவேட்டில் உங்கள் தாயின் பெயரை, அவர் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரையே, எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு வாசகம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தை அவருடைய விவிலியத்தில் எடுத்து, பென்சிலால் தேதியைக் குறித்து வையுங்கள்.